பாலர் பள்ளியில் ‘எத்தனையாவது இடம்’ என்ற கேள்விக்கு இடமில்லை

ஜொகூரில் சுமார் 70 தமிழ்ப்பள்ளிகள் உள்ளன. அவற்றில் பலவற்றின் வளாகத்திலேயே பாலர் பள்ளியும் நடக்கிறது. அங்கு பிள்ளையைச் சேர்த்த பெற்றோர் பலர் ஆண்டிறுதியில் கேட்பது, “எத்தனையாவது இடம்?” என்றுதான். ஆனால் பாலர் பள்ளியில் பிள்ளைகளை வரிசைப்படுத்தும் தேர்வு கிடையாது. ஆசிரியர் நாள்தோறும் உற்றுநோக்கி எழுதும் குறிப்பே அங்கு மதிப்பீடு.

1996ஆம் ஆண்டு கல்விச் சட்டம் பாலர் கல்வியைத் தேசியக் கல்வி முறையில் சேர்த்தது. கேஎஸ்பிகே எனப்படும் தேசிய பாலர் பள்ளிக் கலைத்திட்டம் 2010இல் நடப்புக்கு வந்து, 2017இல் திருத்தப்பட்டது. மொழித்தொடர்பு, நன்னெறி, மனிதவியல், தன்னாளுமை, உடல் வளர்ச்சியும் அழகியலும், அறிவியலும் தொழில்நுட்பமும் ஆகியவை அதன் ஆறு கூறுகளாக இருந்தன. எழுத்தும் எண்ணும் அவற்றில் ஒரு பகுதியாகவே இருந்தன.

பிள்ளை விளையாடும்போதும் பேசும்போதும் உண்ணும்போதும் ஆசிரியர் கவனிக்கிறார். சிறு குறிப்புகள், சரிபார்ப்புப் பட்டியல், பிள்ளை வரைந்த படங்கள், செய்த கைவேலைகள் எல்லாம் ஒரு கோப்பில் சேர்கின்றன.

நல்ல குறிப்பு கண்டதை மட்டும் சொல்லும். “கணக்கில் மந்தம்” என்பது தீர்ப்பு. அதனால் யாருக்கும் பயனில்லை. “புட்டி மூடிகளை 7 வரை சரியாக எண்ணினான், 8ஐ விட்டுவிட்டு 9 என்றான்” என்பது குறிப்பு. மறுநாள் எங்கிருந்து தொடங்குவது என்பதை அது ஆசிரியருக்குக் காட்டும்.

ஒரே நாளில் கண்டதை வைத்து முடிவு கட்டுவதும் தவறு. வகுப்பில் வாய் திறக்காத பிள்ளை தோட்டத்து வீட்டில் பாட்டியிடம் ஓயாமல் கதை பேசலாம். பட்டணத்தில் வீட்டில் ஆங்கிலமே பேசி வளர்ந்த பிள்ளைக்குத் தமிழில் கேட்ட கேள்வி புரியாமல் போகலாம். சில வேளைகளில் காது சரியாகக் கேட்காத பிள்ளை ‘சொல் பேச்சு கேட்காதவன்’ என்று பெயர் வாங்கிவிடுகிறது. பல நாள் குறிப்புகளைச் சேர்த்துப் பார்த்தால்தான் இந்த வேறுபாடு தெரியும்.

இங்கே பெற்றோரின் பங்கும் பெரிது. அதிகாலையில் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகும் பெற்றோராக இருந்தால், பிள்ளையைப் பார்த்துக்கொள்ளும் தாத்தா பாட்டியும் ஆசிரியரைச் சந்திக்கலாம். கேட்க வேண்டியவை மூன்று: பிள்ளை தானாக என்ன செய்கிறது? எதற்கு உதவி தேவைப்படுகிறது? வீட்டில் என்ன செய்யலாம்? வீட்டில் கண்டதையும் ஆசிரியரிடம் சொல்ல வேண்டும்.

பேச்சிலோ கேட்பதிலோ ஐயம் இருந்தால் முதலாம் ஆண்டு வரை காத்திருக்கக் கூடாது. அரசு கிளினிக்கில் கொடுத்த குழந்தை சுகாதாரப் பதிவுப் புத்தகத்துடன் ஆசிரியரின் குறிப்பையும் எடுத்துச் சென்று மருத்துவரிடம் காட்டுவது நல்லது. ஐந்து வயதில் கண்டுபிடிக்கும் குறையைச் சரிசெய்யக் காலம் இருக்கிறது. மூன்றாம் ஆண்டில் கண்டுபிடித்தால், அதற்குள் பிள்ளை பல பாடங்களை இழந்திருக்கும்.