வேலூர், ஆம்பூர் வட்டாரத்தின் கடற்கரை ரயில் பயணம்

வேலூர், ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி ஆகிய தோல் தொழில் ஊர்களிலிருந்து காலையில் ரயிலேறி, சென்னைக் கடற்கரையைப் பார்த்துவிட்டு இரவுக்குள் வீடு திரும்பும் வழக்கம். வேலூரையடுத்த காட்பாடியிலிருந்து சென்னை சென்ட்ரல் 130 கி.மீ.; ஆம்பூரிலிருந்து சுமார் 180 கி.மீ.

ரயிலில் கடற்கரைக்குப் போவது வேறு நாடுகளிலும் பழைய வழக்கம்தான். அயர்லாந்தின் முதல் ரயில் பாதை 1834இல் டப்ளினிலிருந்து கிங்ஸ்டவுன் என்ற கடலோர ஊருக்குப் போடப்பட்டது. காற்று வாங்கப் போகிறவர்கள் அதில் மொய்த்தார்கள். தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் பாதைக்கும் ஒரு முனை கடலோரம்தான். 1856 ஜூலை 1 அன்று ராயபுரத்துக்கும் வாலாஜா ரோட்டுக்கும் இடையே வண்டி ஓடத் தொடங்கியது. ஆனால் அதைப் போட்ட மெட்ராஸ் ரயில்வே கம்பெனியின் கணக்கில் இருந்தவை சரக்கும் பட்டாளமும். கடல் பார்க்கப் போகிறவர்கள் இல்லை. 1862க்குள் பாதை ஆம்பூர், வாணியம்பாடி, ஜோலார்பேட்டையைத் தாண்டி மேற்குக் கரையைத் தொட்டது. 1864இல் பெங்களூர்க் கிளை வந்தது. சென்ட்ரல் நிலையம் 1873இல் திறக்கப்பட்டது.

அப்போது இன்றைய மெரினாவே கிடையாது. 1870களில் துறைமுக வேலை தொடங்கி, கடலுக்குள் சுவர்கள் நீண்ட பிறகுதான் அவற்றுக்குத் தெற்கே மணல் சேர்ந்து கரை அகலமானது. ஆளுநர் கிராண்ட் டஃப் 1884இல் அங்கே உலாவும் சாலை அமைத்து மெரினா என்று பெயரிட்டார். அதே துறைமுகத்தின் வழியாகத்தான் ஆவாரம்பட்டையில் பதனிட்ட தோல் லண்டன் சந்தைக்குப் போனது. ஆகவே கடற்கரைப் பயணத்தின் வரலாற்றைத் தோல் வியாபாரத்திலிருந்து பிரித்து எழுத முடியாது. தோல் மண்டிகளும் கமிஷன் ஏஜெண்டுகளும் இருந்த பெரியமேடு, சென்ட்ரலிலிருந்து நடக்கிற தூரம். சரக்குக்கு விலை பேசவும் பாக்கி வசூலிக்கவும் வந்தவர்கள், வேலை முடிந்தால் கடற்கரைக்கும் ஒரு நடை போனார்கள். கடலுக்கென்றே குடும்பத்தோடு கிளம்புவது பின்னால் வந்த பழக்கமாகவே தோன்றுகிறது.

வேலூர் கன்டோன்மெண்டுக்கு மீட்டர் கேஜில் இன்னொரு வழியும் இருந்தது: திருவண்ணாமலை வழியாக விழுப்புரம், அங்கே வண்டி மாறிப் புதுச்சேரி. ஒரே நாளில் போய்வர அது தோதான வழி அல்ல.

இன்றைய பகல் பயணத்துக்கு ஏலகிரி எக்ஸ்பிரஸே அளவுகோல். விடியற்காலையில் ஜோலார்பேட்டையில் கிளம்பி, வாணியம்பாடி, ஆம்பூர், குடியாத்தம், காட்பாடி என்று ஏற்றிக்கொண்டு ஒன்பது மணிவாக்கில் சென்னை சேரும். மாலை ஆறுக்குச் சற்று முன்னதாகத் திரும்பும். அலுவலகம் போகிறவர்களுக்கு இது பொருத்தமான நேரம். கடல் பார்க்க வருபவர்களுக்கோ வம்பு. மெரினாவில் வெயில் தணிந்து, தேங்காய் மாங்காய் பட்டாணி சுண்டலும் மிளகாய் பஜ்ஜியும் களைகட்டும் நேரத்தில் இவர்கள் சென்ட்ரலில் இருந்தாக வேண்டும். பாதி நாள் உச்சிவெயில் மணலில் கழிகிறது. இருட்டும்வரை இருக்க நினைப்பவர்கள் ஏலகிரியை விட்டுவிட்டு இரவு வண்டி பிடிக்கிறார்கள்.

மதியச் சாப்பாட்டுக்குக் கையோடு பிரியாணி பார்சல் கொண்டு வருவோரும் உண்டு. சீரகச் சம்பா அரிசியில் செய்தது. வெங்காயப் பச்சடியும் எண்ணெய்க் கத்தரிக்காயும் தனித்தனிப் பொட்டலம். ஆம்பூர்க்காரர்களுக்குப் பட்டணத்துப் பிரியாணியில் நம்பிக்கை குறைவு; அதில் நியாயமும் இருக்கிறது.

மெரினாவில் கடலில் இறங்கிக் குளிக்க அனுமதி இல்லை. நீரோட்டம் ஆளை இழுத்துவிடும். காணும் பொங்கலன்று கூட்டம் பெருகும்போது அலைக்கு முன்னால் சவுக்குக் கம்புத் தடுப்பு கட்டுவார்கள். பிள்ளைகள் தொலைந்துபோகாமல் இருக்கப் போலீசார் பெற்றோரின் தொலைபேசி எண் எழுதிய பட்டையைப் பிள்ளைகளின் மணிக்கட்டில் கட்டிவிடுவதும் உண்டு.

1995இல் சென்னை பீச்சிலிருந்து சேப்பாக்கம் வரை பறக்கும் ரயில் வந்தது. பின்பு அது மயிலாப்பூருக்கும் வேளச்சேரிக்கும் நீண்டது. சென்ட்ரலில் இறங்குபவர்கள் சாலையைக் கடந்து பார்க் டவுனில் ஏறினால் திருவல்லிக்கேணியில் இறங்கி மணலுக்கு நடக்கலாம். நான்காவது ரயில் பாதை வேலைக்காக 2023 ஆகஸ்டில் பீச்–சேப்பாக்கம் பகுதி மூடப்பட்டது. அதுவரை ரயிலில் வந்தவர்கள் பஸ்ஸுக்கும் ஆட்டோவுக்கும் மாற வேண்டியிருந்தது. 2024 அக்டோபர் இறுதியில் சேவை திரும்பியது.

வேலூர் கன்டோன்மெண்டிலிருந்து சென்னை பீச்சுக்கே நேராகப் போகும் மெமு ரயிலும் உண்டு. 2024 மே மாதம் அது திருவண்ணாமலைவரை நீட்டிக்கப்பட்டது. பீச் ஸ்டேஷனுக்கு எதிரே இருப்பது துறைமுகம்தான். மணலுக்குப் போக அங்கிருந்தும் பறக்கும் ரயிலுக்கு மாற வேண்டும்.