சேலம் வக்கீல்கள் போட்ட வழக்கு

இந்தியாவில் எந்த நீதிமன்றத்தில் சமரசத்தைப் பற்றி வாதம் நடந்தாலும் சேலத்தின் பெயர் வந்தே தீரும். மாம்பழத்துக்காகவும் அல்ல, உருக்காலைக்காகவும் அல்ல. சேலம் வழக்கறிஞர் சங்கம் மத்திய அரசை எதிர்த்து உச்ச நீதிமன்றத்தில் நடத்திய வழக்குக்காக. 1999இலும் 2002இலும் சிவில் நடைமுறைச் சட்டத்தில் கொண்டுவந்த திருத்தங்கள் செல்லாது என்று கேட்டுப் போனார்கள். அந்தத் திருத்தங்களில் ஒன்றுதான் 89ஆம் பிரிவு. வழக்கை விசாரிக்கும் நீதிபதியே கட்சிக்காரர்களைச் சமரசத்துக்கு அனுப்பிவைக்க அது வழிசெய்தது. 2002 அக்டோபரில் வந்த முதல் தீர்ப்பு திருத்தங்களைச் செல்லும் என்றது. 2005 ஆகஸ்டில் வந்த இரண்டாம் தீர்ப்பு, நீதிபதி ஜகந்நாத ராவ் குழு எழுதித் தந்த சமரச விதிகளை எல்லா உயர் நீதிமன்றங்களுக்கும் முன்வைத்தது. தடுக்கப் போனவர்களின் பெயரே சமரசத்துக்கு நிரந்தர விலாசமாகிவிட்டது.

நான் தொழில் பழகியது அந்தச் சேலத்தில்தான் என்பதால் எனக்கு இதில் ஒரு தனி ருசி. இன்று என் பிழைப்பு சென்னையில் மூன்று இடங்களில் நடக்கிறது: உயர் நீதிமன்றம், மின்சார ஒழுங்குமுறை ஆணையம், சமரச மையம். கல்யாண வீடுகளில் “நீங்க சிவிலா, கிரிமினலா?” என்று கேட்பவர்களுக்கு இதைச் சொல்லிப் புரியவைக்க முடிவதில்லை. மூன்றும் சேர்ந்தது ஏதோ புதுப் பழக்கம் என்று நினைக்கிறார்கள். சென்னை ராஜதானியின் வக்கீல் தொழிலைத் திரும்பிப் பார்த்தால் அப்படித் தோன்றவில்லை. ஒவ்வொரு முறையும் யாரோ ஒரு கதவைத் திறந்தார்கள்; உள்ளே இருந்தவர்கள் கூடாது என்றார்கள்; பிறகு எல்லோரும் அதன் வழியாகவே போய்வந்தார்கள்.

1862இல் சென்னை உயர் நீதிமன்றம் வந்தபோது தொழிலில் மூன்று சாதி. இங்கிலாந்தில் படித்து வந்த பாரிஸ்டர். அவருக்குக் கட்டு தயாரித்துத் தரும் அட்டர்னி. கம்பெனியின் சதர் அதாலத்து வழியில் வந்த வக்கீல். நகரத்துப் பெரிய வழக்குகள் நடந்த ஒரிஜினல் சைடு முதல் இருவரின் சொத்தாக இருந்தது. கல்கத்தாவிலும் பம்பாயிலும் அட்டர்னி எழுத பாரிஸ்டர் பேச என்ற இரட்டை முறை 1976ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தம் வரை இழுத்துக்கொண்டு வந்தது. சென்னையில் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே வக்கீல்கள் ஒரிஜினல் சைடுக்குள் புகுந்துவிட்டார்கள். அட்டர்னிகள் மனுப்போட்டுப் பார்த்தார்கள், எடுபடவில்லை. அதன் பலன் பெரிது. எழுதுவதையும் வாதாடுவதையும் கட்சிக்காரரோடு உட்கார்ந்து பேசுவதையும் ஒரே ஆள் செய்யலாம் என்றானது இங்கேதான். அந்த வக்கீல் கூட்டத்திலிருந்து வந்த வி. பாஷ்யம் ஐயங்கார், அட்வகேட் ஜெனரல் பொறுப்பில் அமர்ந்த முதல் இந்தியர். அவருடைய சிலை உயர் நீதிமன்ற வளாகத்தில் நிற்கிறது. ஜூனியர்கள் அதைத் தாண்டித்தான் கேன்டீனுக்குப் போகிறார்கள், நிமிர்ந்து பார்ப்பவர் குறைவு.

வக்கீல்களைப் பிடிக்காதவர்களும் அந்த நூற்றாண்டில் இருந்தார்கள். முதல் ஆள் கம்பெனி அதிகாரி தாமஸ் மன்றோ. நீதிமன்றமும் வக்கீலும் குடியானவனை அலைக்கழிக்கின்றன, ஊர்ப் பஞ்சாயத்திடமே விட்டுவிடலாம் என்பது அவர் கட்சி. 1816இல் அது சட்டமானது. நான்காம் ரெகுலேஷன் ஊர்த் தலைவரை முன்சீப் ஆக்கியது. சிறு வழக்குகளை, 10 ரூபாய் வரை, அவரே தீர்க்கலாம். ஐந்தாம் ரெகுலேஷன், இரு தரப்பும் இசைந்தால் ஊர்ப் பஞ்சாயத்தைக் கூட்டச் சொன்னது. ஏழாம் ரெகுலேஷன் இதையே மாவட்ட முன்சீப் அளவில் வைத்தது. காகிதத்தில் அழகான ஏற்பாடு. ஜனங்கள் பஞ்சாயத்துப் பக்கம் அதிகம் போகவில்லை. முன்சீப்பிடமே பிராது கொடுத்தார்கள். எனக்கு இதில் ஆச்சரியம் இல்லை. ஊர் மரத்தடியில் யார் பேச்சு எடுபடும் என்பது ஊரில் எல்லோருக்கும் தெரியும். கச்சேரியில் முன்பின் தெரியாத ஒருவர் உட்கார்ந்திருந்தார் என்பதே பலவீனமான கட்சிக்குப் பெரிய சலுகை. ‘கிராம முன்சீப்’ என்ற பதவிப் பெயர் மட்டும் 1980 வரை தாக்குப்பிடித்தது.

இன்னொருவர் மாயூரம் வேதநாயகம் பிள்ளை. அவர் முன்சீப்பாக இருந்தவர், ஆகவே வக்கீல்களை உள்ளிருந்தே அறிந்தவர். கட்சிக்காரனுக்குப் புரியாத இங்கிலீஷில் வக்கீல்கள் வாதாடுவதை 1879இல் வெளியான ‘பிரதாப முதலியார் சரித்திர’த்தில் அவர் கிண்டலடித்த இடம், இன்றும் சில நீதிமன்ற அறைகளுக்குப் பொருந்தும்.

சேலத்தில் எனக்குச் சமரசம் சொல்லித் தந்தவர் சட்டப் புத்தகம் எழுதியவர் அல்ல, சீனியரின் குமாஸ்தா. பங்காளி வழக்கொன்று ராஜியாகி, எங்களுக்கு வரவேண்டிய பீஸ் சுருங்கியதைப் பார்த்து நான் முகம் சுளித்தபோது, “தம்பி, ஜெயிச்ச கட்சிக்காரன் மேல்கோர்ட்டுக்குப் போயிருவான், தோத்தவன் வேற வக்கீல்கிட்டப் போயிருவான். ராஜியானவன்தான் தன் மச்சானையும் கூட்டிக்கிட்டு நம்மகிட்டயே வருவான்” என்றார். வாய்தா வாங்குவதில் அவரை மிஞ்ச ஆளில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

ஆகவே சேலம் வக்கீல்கள் சமரசத்துக்கே விரோதிகள் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. அவர்களுடைய கோபத்துக்குக் காரணங்கள் இருந்தன. எதிருரைக்கு 30 நாள், போனால் போகிறதென்று 90 நாள் என்று திருத்தம் கெடு வைத்தது. சாட்சி விசாரணையின் பெரும்பகுதியை நீதிபதியின் கண்ணுக்கு வெளியே கமிஷனரிடம் விட்டது. நடக்கக்கூடிய காரியமா என்று கேட்டார்கள். 90 நாள் கெடுவை அபூர்வமான சந்தர்ப்பங்களில் தளர்த்தலாம் என்று 2005 தீர்ப்பு சொன்னது சேலத்துக்குக் கிடைத்த ஆதாயம். 89ஆம் பிரிவின் அவசர வேலைக்கோ வேறு சாட்சியே தேவையில்லை: இரண்டு வழிமுறைகளின் விளக்கங்கள் அதில் ஒன்றின் இடத்தில் மற்றொன்றாக மாறி அச்சேறிவிட்டன. 2010இல் ஆஃப்கான்ஸ் வழக்கில் நீதிபதி ரவீந்திரன் அதைச் சுட்டிக்காட்டி, இடம் மாற்றிப் படிக்கச் சொன்னார். நாடாளுமன்றம் இயற்றிய சட்டத்தைப் பல வருஷம் யாரும் நிதானமாகப் படிக்கவில்லை போலும்.

சென்னை இதற்கெல்லாம் காத்திருக்கவில்லை. இரண்டாம் சேலம் தீர்ப்புக்கு நான்கு மாதம் முன்பே, 2005 ஏப்ரலில், உயர் நீதிமன்ற வளாகத்தில் சமரச மையம் திறக்கப்பட்டது. நாட்டில் நீதிமன்றத்தோடு இணைந்து அமைந்த முதல் மையம் அது. மூத்த வழக்கறிஞர் ஸ்ரீராம் பஞ்சு முன்னின்று அமைத்தார். மத்தியஸ்தர்கள் பெரும்பாலும் வழக்கறிஞர்களே. அங்கே முதலில் மறக்க வேண்டியது குறுக்கு விசாரணையை. “அப்ப ஏன் நோட்டீஸ்ல சொல்லலை?” என்று வாய்வரைக்கும் வரும், விழுங்கிவிட வேண்டும். பாகப்பிரிவினை வழக்குகளில் சொத்து அளவுக்கு, சில சமயம் அதற்கு மேலும், அம்மா சாவுக்கு வராதது பெரிய விஷயமாக இருக்கும். பிராதில் அதற்கு ஒரு பத்தியும் கிடையாது. தவிர, சமரசத்துக்குக் கைமேல் ஒரு பலனும் உண்டு. ராஜியானால் கோர்ட் கட்டணம் திரும்பிவரும். தமிழ்நாட்டில் பண வழக்குகளுக்கு 2017 வரை நூற்றுக்கு ஏழரை ரூபாய் கட்டணம். பிறகுதான் 3 ஆனது. மையத்துக்கு வராமல் தங்களுக்குள்ளேயே பேசித் தீர்த்துக்கொண்டாலும் திருப்பித்தர வேண்டும் என்று 2021இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. அந்த வழக்கிலும் மேல்முறையீடு செய்தது சென்னை உயர் நீதிமன்ற நிர்வாகம்தான்!

மின்சாரக் கதவு வேறு தினுசு. பழைய நாளில் மின் கட்டணத்தை அரசாணை நிர்ணயித்தது. வழக்கறிஞருக்கு அதில் ரிட் மனுவைத் தவிர வேலையில்லை. 1998ஆம் ஆண்டுச் சட்டப்படி 1999 மார்ச்சில் தமிழ்நாடு ஆணையம் அமைந்தது. அதன் முதல் கட்டண ஆணை 2003 மார்ச்சில் வந்தது, அடுத்தது 2010இல்தான். மின் வாரியம் கேட்டு வந்தால்தானே ஆணையம் தீர்மானிக்க? அவர்கள் வராவிட்டால் ஆணையங்களே தாமாக எடுத்து நடத்த வேண்டும் என்று மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் 2011இல் சொல்ல வேண்டியிருந்தது.

எனக்கு அங்கே வழிகாட்டியது காற்று. முப்பந்தல், ஆரல்வாய்மொழிப் பகுதிகளில் சீசனில் சுழலும் காற்றாலையின் யூனிட்டுகளை வாரியத்திடம் வரவு வைத்து, காற்றில்லாத மாதங்களில் எடுத்துக்கொள்வதற்குப் பேங்கிங் என்று பெயர். வட்டிக்கடைக் கணக்குப் போலத்தான்: வைத்தவனுக்கும் வாங்கியவனுக்கும் எப்போதும் தகராறு. 2003ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் 86ஆம் பிரிவு, உற்பத்தியாளருக்கும் உரிமதாரருக்கும் இடையிலான சச்சரவை ஆணையத்திடம் கொடுத்தது. விலை வைப்பவரே விலைச் சண்டையையும் தீர்க்கிறார்! இதில் சட்டம் தெரிந்த ஒருவராவது உட்கார வேண்டாமா என்ற கேள்விக்கு, வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2018இல்தான் பதில் சொன்னது. ஆணையத்தில் வாய்ஜாலத்துக்கு இடமில்லை. எக்செல் தாளில் எந்த வரிசையில் எந்த எண் என்று கேட்பார்கள். அதே ஆணையம் ஊர் ஊராகக் கருத்துக்கேட்புக் கூட்டம் போடும்போது விசைத்தறிக்காரரும் பம்புசெட்டுக்காரரும் வக்காலத்து இல்லாமலே தமிழில் பிய்த்து உதறுவார்கள். வேதநாயகம் பிள்ளை பார்த்திருந்தால் சந்தோஷப்பட்டிருப்பார்.

2023இல் சமரசத்துக்கென்றே தனிச் சட்டம் வந்தது. வழக்குப் போடும் முன்பே பேசிப் பார்க்கலாம், இஷ்டமிருந்தால். வணிக வழக்குகளில், அவசர நிவாரணம் கேட்காவிட்டால், பேசிப் பார்த்தே ஆக வேண்டும் என்பது அதற்கு முன்பே கட்டாயமாகிவிட்டது. புதுச் சட்டத்தின் ஓர் அத்தியாயம் ஊர் அமைதிக்கான சமுதாயச் சமரசத்தைப் பற்றியது. மூன்று பேர் கொண்ட குழு உட்கார்ந்து பேசும். ஆனால் அங்கே எழுதும் ஒப்பந்தத்தை நீதிமன்ற டிகிரி போல நிறைவேற்ற முடியாது. மன்றோவின் பஞ்சாயத்துக்காவது பின்னால் கம்பெனி அரசின் கை இருந்தது. நிறைவேற்ற முடியாத காகிதத்துக்கு எந்தக் கட்சிக்காரரும் ஸ்டாம்ப் வாங்க மாட்டார். அந்த அத்தியாயத்தின் கீழ் என் மேஜைக்கு இதுவரை ஒரு கட்டும் வரவில்லை.