நெய்யூர்ப் பள்ளியின் வாசல்

நெய்யூர் என்றவுடன் பலருக்கும் நினைவுக்கு வருவது அங்குள்ள மருத்துவமனை. 1838ஆம் ஆண்டில் டாக்டர் ராம்சே தொடங்கிய மருத்துவப் பணி அது. அதனினும் மூத்தது அவ்வூரின் கல்விப்பணி. இன்று எல்.எம்.எஸ். என்னும் பெயரைத் தாங்கி நிற்கும் மேனிலைப்பள்ளி, அந்தப் பழம்பணியின் வழிவந்ததாகும். எல்.எம்.எஸ். என்பது லண்டன் மிஷனரி சங்கத்தைக் குறிக்கும்.

ஒரு பள்ளியின் வரலாற்றை அதன் கட்டடம் எழுந்த நாளிலிருந்து கணக்கிடுவது வழக்கம். நெய்யூருக்கு அக்கணக்குப் போதாது. பள்ளி எப்போது எழுந்தது என்பதைவிட, அதன் வாசல் யாருக்கு எப்போது திறந்தது என்பதே இங்கு வரலாறு.

குடிமக்களின் கல்விச் செலவை அரசே ஏற்க வேண்டும் என்று திருவிதாங்கூர் ராணி கௌரி பார்வதி பாயி 1817இல் ஆணை பிறப்பித்தார். ஆணை உயர்ந்தது, நடைமுறையோ வேறாக இருந்தது. ஆசான்மாரின் திண்ணைப் பள்ளிகளில் ஏடும் எழுத்தாணியும் மேல்சாதிப் பிள்ளைகளுக்கே உரியனவாக இருந்தன. பனையேறியின் மகனும் பறையர் மகனும் அத்திண்ணையை நெருங்கவும் இயலாது.

1818இல் நாகர்கோவிலுக்கு வந்த சார்லஸ் மீட் பாதிரியார், 1828இல் நெய்யூரைத் தம் பணிக்கு நிலையமாக்கிக்கொண்டார். சமயம் பரப்புவதே மிஷனரிகளின் முதல் நோக்கம். அதை அவர்கள் மறைத்ததுமில்லை. ஆயினும், திண்ணையில் இடம் கிடைக்காத பிள்ளைக்கு அவர்களுடைய ஓலைக் கொட்டகையில் இடம் கிடைத்தது. பெண்மக்களுக்கும் கிடைத்தது. மீட், மால்ட் ஆகியோரின் மனைவியர் நாகர்கோவிலில் பெண்களுக்குப் பள்ளி நடத்தினர். அங்கே எழுத்தோடு லேஸ் பின்னலும் கற்பிக்கப்பட்டது. அடிமைமுறை 1855இல் ஒழியுமுன்னரே, பின்னல் வேலையில் ஈட்டிய பணத்தைக் கொண்டு தம்மை மீட்டுக்கொண்ட பெண்களும் உண்டு.

எழுத்தறிந்தவர் தலை நிமிர்ந்தனர். அது பலருக்குப் பொறுக்கவில்லை. தோள்சீலைக் கலகம் மூண்டபோது, 1828-29இல் கல்குளம் பகுதியில் வழிபாட்டுக் கூடங்களுடன் பள்ளிகளும் தீக்கிரையாயின. மேலாடை அணியும் உரிமை 1859இல்தான் அரச அறிக்கையாக வெளிவந்தது. மேலாடைக்காக எழுந்த கலகத்தில் பள்ளிக்கூடம் ஏன் எரிய வேண்டும்? இரண்டும் ஒரே மரத்தின் கிளைகள் என்பதை எரித்தவர்களும் அறிந்திருந்தனர் போலும்!

1860களில், திவான் மாதவராவ் காலத்தில், அரசு தாய்மொழிப் பள்ளிகளைத் தொடங்கியது. பொதுப்பள்ளி என்று பெயர். ஆனால் புலையர் முதலியோர் அந்தப் பொதுவில் சேரவில்லை. 1907இல் அய்யன்காளி, பிள்ளைகளைப் பள்ளியில் சேர்க்காவிட்டால் வயலில் இறங்கமாட்டோம் என்று உழவுத் தொழிலாளரை நிறுத்திவைத்தார். 1910இல் அவர்களையும் பள்ளிகளில் சேர்க்க அரசாணை வந்தது.

நம்மவர் நிலை வேறு. வாசல் திறந்திருந்தும், தீன் கெட்டுவிடுமோ என்று அஞ்சிப் பலர் வெளியிலேயே நின்றனர். அந்த அச்சத்தைப் போக்கப் பாடுபட்டவர் வக்கம் மௌலவி. அவருடைய முயற்சியால் முஸ்லிம் பிள்ளைகள் பயிலும் அரசுப் பள்ளிகளில் அரபி கற்பிக்க ஏற்பாடாயிற்று. உதவித்தொகையும் கட்டணச் சலுகையும் கிடைத்தன. பெண்பிள்ளைகளுக்கோ கட்டணமே இல்லை என்றாயிற்று. தக்கலை, திருவிதாங்கோடு, கொளச்சல் ஆகிய நம் ஊர்களும் அன்று அந்த அரசின் ஆட்சியில்தான் இருந்தன.

1956 நவம்பர் 1இல் குமரி மாவட்டம் தமிழகத்தோடு இணைந்தது. காமராசர் ஆட்சியில் மதிய உணவும் இலவசக் கல்வியும் பரவின. 1978இல் மேனிலைக் கல்வி வந்தது. 2011 மக்கள்தொகைக் கணக்கின்படி, எழுத்தறிவில் 91.75 விழுக்காட்டோடு குமரியே தமிழகத்தின் முதல் மாவட்டம்.

இந்த எண் வானிலிருந்து விழுந்ததன்று. எரிந்த கொட்டகைகளும், பெண்களின் பின்னல் ஊசிகளும், உழாமல் கிடந்த வயல்களும் இதற்குள் இருக்கின்றன. வாசல் இன்று எல்லோருக்கும் திறந்திருக்கிறது. ஒரு பெண்பிள்ளையின் படிப்பைப் பத்தாம் வகுப்போடு நிறுத்த எண்ணும் தந்தை, அவ்வாசலைத் திறக்க எத்தனை பேர் என்ன விலை கொடுத்தார்கள் என்பதை ஒருகணம் எண்ணிப் பார்க்கட்டும்.