மஞ்சள் விளக்கின் கதை

கார் ஓட்டுவோர் ஒருநாளேனும் கண்டு திடுக்கிட்டிருக்கக்கூடியது, முகப்புப் பலகையில் எஞ்சின் வடிவில் ஒளிரும் அந்தச் சிறு மஞ்சள் விளக்கு. வண்டி ஓடிக்கொண்டுதான் இருக்கும். விளக்கு மட்டும் அணையாது. 'பழுது' என்னும் சொல்லுக்குப் பயனின்மை என்றே பொருள் தருகிறது தொல்காப்பிய உரியியல். பயன் குன்றுமுன்பே பழுதைச் சொல்லும் இவ்விளக்கு எங்ஙனம் வந்தது?

கார்புரேட்டர் காலத்தில் எரிபொருளை அளந்து கொடுத்தது எஞ்சின் உறிஞ்சும் காற்றே. அப்பணியை மின்னணுவியலிடம் ஒப்படைக்கத் துணிந்த முன்னோடி, அமெரிக்காவின் பெண்டிக்ஸ் நிறுவனம். அதன் 'எலெக்ட்ரோஜெக்டர்' 1958ஆம் ஆண்டு மாடல்களில் கிரைஸ்லர் நிறுவனத்தின் ஏறத்தாழ 35 கார்களில் பொருத்தப்பட்டது. எஞ்சின் அறையின் வெப்பத்தையும் ஈரத்தையும் அக்கால மின்னுறுப்புகள் தாங்கவில்லை. பெரும்பாலானவற்றுக்குக் கார்புரேட்டரே திரும்பப் பூட்டப்பட்டது. காப்புரிமை ஜெர்மனியின் பாஷ் நிறுவனத்தின் கைக்குப் போயிற்று. 1967இல் அந்நிறுவனத்தின் டி-ஜெட்ரானிக், வோல்க்ஸ்வாகன் 1600 காரில் வெளிவந்து நிலைத்தது.

இம்மாற்றத்தை விரைவுபடுத்தியது கலிஃபோர்னியாவின் புகைமூட்டம். வாகனப் புகை வெயிலில் வினைபுரிந்தே லாஸ் ஏஞ்சலிஸ் நகரை மூடுகிறது என்று 1950களின் தொடக்கத்தில் நிறுவினார் ஹாகன்-ஸ்மிட் என்னும் வேதியியலார். அவர் மணமும் சுவையும் ஆராய்ந்துகொண்டிருந்தவர் என்பது சுவையான செய்தி! புகையைக் குறைக்கச் சட்டங்கள் வந்தன. ஆனால் புதிதில் தூய்மையாக ஓடிய கார், நாளடைவில் பழுதுற்று நஞ்சைக் கக்கினால் யார் அறிவார்? ஓட்டுநருக்கே தெரியாதே. ஆகவே, வண்டியே தன் குறையைச் சொல்லியாக வேண்டும் என்று 1988ஆம் ஆண்டு மாடல்களிலிருந்து கலிஃபோர்னியா விதித்தது. அதன் விரிந்த வடிவமான ஓபிடி-2, 1996 முதல் அமெரிக்கா முழுவதிலும் விற்கப்பட்ட கார்களுக்குக் கட்டாயமாயிற்று.

இன்ஜெக்டர் தன் நோயைச் சொல்லும் விதம் நயமானது. அதனுள் இருப்பது ஒரு கம்பிச்சுருள். கணினி மின்னோட்டம் விடும்போது ஊசி மேலெழுந்து எரிபொருள் தெறிக்கிறது. சில ஆயிரத்திலொரு வினாடிகளில் மின்னோட்டம் அறுபடுகிறது. அறுபடும் கணத்தில், தேங்கிய காந்த ஆற்றல் ஒரு மின்னழுத்த எழுச்சியாகத் திரும்பி எதிரொலிக்கும். எதிரொலி வராவிடில் கம்பி அறுந்திருக்கலாம்; மின்னோட்டம் மிகுந்தால் சுருள் குறுக்கிணைந்திருக்கலாம். உடனே ஒரு குறியெண் பதிவாகும். பி0201 என்றால் முதல் சிலிண்டரின் இன்ஜெக்டர் மின்சுற்று எனப் பொருள்.

எனினும் இங்கே ஓர் இடர்ப்பாடு. சுருள் நலமாயிருக்க, நுனித்துளையில் மட்டும் கசடு படிந்திருந்தால்? மின்சுற்று மௌனமாகவே இருக்கும். அப்போது கணினி சுற்றி வளைத்துத்தான் உய்த்துணர வேண்டும். புகைக்குழாயின் ஆக்சிஜன் உணரி எரிபொருள் குறைகிறது என்கிறதா? கிராங்க்தண்டின் சுழற்சி ஒரு சிலிண்டரின் முறை வரும்போது மட்டும் நொடிப்பொழுது தளர்கிறதா? இவ்வகைக் குறிப்புகளைக் கோத்தே அது முடிவுக்கு வருகிறது. குறியெண்ணைக் கண்டதும் உறுப்பை மாற்றிவிடும் மெக்கானிக்குகள் ஏமாறுவது இங்கேதான். குறியெண் காட்டுவது அறிகுறியையே.

ஆனால் சொல்லும் கணினியே பொய் சொன்னால்? 2015 செப்டம்பரில் வோல்க்ஸ்வாகனின் டீசல் கார்கள் அகப்பட்டன. சோதனைக்கூடத்தில் நிற்பதை உணர்ந்தால் மட்டும் ஒழுங்காக நடந்துகொள்ளும் மென்பொருள் அவற்றில் எழுதப்பட்டிருந்தது. அதை வெளிக்கொணர வழிவகுத்தது, மேற்கு வர்ஜீனியா பல்கலைக்கழகத்தார் காரின் பின்னே கருவியைக் கட்டிச் சாலையில் ஓட்டிப் பார்த்த சோதனை. சாலையில் அக்கார்கள் வரம்பை மீறி நைட்ரஜன் ஆக்சைடுகளைக் கக்கியபோது, மஞ்சள் விளக்கு எரிந்து அவற்றைக் காட்டிக்கொடுக்கவில்லை.