வாசற்படிக்கு அப்பால் ஒரு வரலாறு

குறைமாதக் குழந்தைகளைப் பேணிய வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் இன்குபேட்டரில் தொடங்கி மருத்துவமனை வாயிலில் முடித்துவிடுகின்றனர். இந்தியாவில் அவ்வரலாற்றின் முதன்மையான இயல் ஒன்று மண்வீடுகளுக்குள் நிகழ்ந்தது.

மகாராட்டிரத்தின் கிழக்கெல்லையில் காடு சூழ்ந்த மாவட்டம் கட்சிரோலி. மருத்துவ இணையரான அபய் பங்கும் ராணி பங்கும் நிறுவிய ‘சர்ச்’ அமைப்பு, 1993இல் அங்கு 39 ஊர்களில் பச்சிளங்குழந்தைகளின் இறப்பை ஆராயத் தொடங்கியது. பிறந்த 1000 குழந்தைகளில் 62 குழந்தைகள் ஒரு மாதம் நிறையுமுன்பே மாண்டன. 1995 முதல், பயிற்சி பெற்ற உள்ளூர்ப் பெண்கள் தராசும் வெப்பமானியும் ஏந்தி வீடு வீடாகச் சென்றனர். குழந்தையின் உடற்சூடு காத்தனர். பாலூட்டத் தாய்க்குத் துணைநின்றனர். தொற்றின் அறிகுறியைக் கண்டறிந்து மருந்தளித்தனர். 1997-98இல் அவ்விறப்பு 1000க்கு ஏறத்தாழ 25 ஆகக் குறைந்தது. குறைமாதக் குழந்தைகளில் முன்பு மூன்றில் ஒன்று இறந்தது. பின்னர் அது பத்தில் ஒன்றாயிற்று. 1999இல் ‘லான்செட்’ இதழ் இவ்வாய்வை வெளியிட்டது.

2003இல் மேற்கு வங்கத்தின் புருலியா மாவட்ட மருத்துவமனையில் பச்சிளங்குழந்தைகளுக்கான சிறப்புப் பிரிவு அமைந்தது. பின்னர் அம்முறை நாடெங்கும் பரவியது. கட்சிரோலியில் பிழைக்க வழியற்றிருந்த சிசுக்களை ஒத்தவர்கள் இப்போது மருத்துவமனையில் பிழைத்தனர். ஆனால் எடை குறைந்த அவ்வுடல்கள் திரும்பியது அதே வீடுகளுக்குத்தான்.

திரும்பியபின் பேணல் ஏன் தொடரவேண்டும்? ஒரு சான்று போதும். 34 வாரத்திற்கு முன் பிறந்த குழந்தைக்கும், 2000 கிராமுக்குக் குறைந்த எடையுள்ள குழந்தைக்கும், பிறந்த 30 நாள்களுக்குள் விழித்திரையைப் பரிசோதிக்க வேண்டும். முதிராத இரத்தக் குழாய்கள் பிறழ்ந்து வளர்ந்தால் பார்வை பறிபோகும். வெளியே எந்த அறிகுறியும் தெரியாது. அந்நாள் வருமுன்பே பல குழந்தைகள் வீடு சேர்ந்துவிடுகின்றன. அதை நினைவூட்ட வாசலுக்கு ஒருவர் வந்தாக வேண்டும்.

அவ்வொருவரை 2011இல் அரசு தேசியத் திட்டமாக்கியது. மருத்துவமனையில் பிறந்த குழந்தையை 3, 7, 14, 21, 28, 42ஆம் நாள்களில் ஆஷா பணியாளர் வீட்டில் சென்று காணவேண்டும். எடை குறைந்தோரையும் சிறப்புப் பிரிவிலிருந்து திரும்பியோரையும் அதன்பின்னும் தொடர்ந்து கவனிக்கவேண்டும். 2018இல் இவ்வருகைகள் அனைத்துக் குழந்தைகளுக்கும் 15ஆம் மாதம் வரை நீட்டிக்கப்பட்டன.

கட்சிரோலியின் பாடம் இவ்வாறு கொள்கையாயிற்று. எனினும் அக்கொள்கையின் ஓரத்தில் ஒரு தொகை எழுதப்பட்டிருக்கிறது: ஆறு வருகைக்கும் சேர்த்து ஊக்கத்தொகை 250 ரூபாய். இன்குபேட்டரைக் கருவி என்றும், அதை இயக்குபவரைச் செவிலியர் என்றும் பதிவு செய்யும் அரசு, வாசலில் நிற்கும் அப்பெண்ணைத் ‘தன்னார்வலர்’ என்றே குறிக்கிறது. மருத்துவமனை காத்த உயிரை அடுத்த மாதங்களில் காப்பவருக்கு என்ன பெயர் இடுவது என்பதை நம் வரலாறு இன்னும் முடிவு செய்யவில்லை.