கலங்கரை: எந்தக் கரை?

கலங்கரை விளக்கம் என்றால் என்ன என்று கேட்டுப் பாருங்கள். கலம் வரும் கரையில் நிற்கும் விளக்கு என்று சட்டென்று பதில் வரும். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்தக் 'கரை' கடற்கரை அன்று. காக்கை கரைகிறது என்கிறோமே, அந்தக் கரை. கரைதல் என்றால் அழைத்தல். கலத்தைக் கூப்பிடும் விளக்கு அது.

புணர்ச்சியே இதைக் காட்டிக்கொடுத்துவிடுகிறது. குளமும் கரையும் சேர்ந்தால் குளக்கரை. அதே கணக்கில் கலமும் கரையும் சேர்ந்தால் 'கலக்கரை' ஆகியிருக்க வேண்டும். அப்படி ஆகவில்லை. மனத்தைக் கவர்ந்தது 'மனங்கவர்ந்த' ஆவதுபோல, கலத்தைக் கரைவது 'கலங்கரை' ஆயிற்று. பின்னால் நிற்பது வினை என்பதற்கு அந்த 'ங்' சாட்சி.

இன்னும் பழைய சாட்சி பெரும்பாணாற்றுப்படை. காஞ்சியை ஆண்ட இளந்திரையனைப் பாடிய உருத்திரங்கண்ணனார், நீர்ப்பெயற்று என்ற ஊரின் துறையைக் காட்டுகிறார். வானை முட்டும் மாடம். ஏணி சாத்தியிருக்கிறது, ஆனாலும் ஏறுவது கடினம். உச்சியில் கூரை வேயவில்லை. இரவில் அங்கே தீ மூட்டுகிறார்கள். அந்தத் தீக்கு அவர் தரும் பெயர் ஞெகிழி. கலங்கரை விளக்கம் என்ற பெயர் பாட்டில் இல்லை. ஆனால் கலத்தைக் 'கரையும்' என்ற வினை இருக்கிறது. அந்த ஊர் மாமல்லபுரமே என்பாரும் உண்டு. அங்கே பல்லவர் கட்டிய ஒலக்கணேசுவரர் கோயிலின் உச்சியை ஆங்கிலேயர் 19ஆம் நூற்றாண்டில் விளக்கேற்றப் பயன்படுத்தினார்கள் என்பதை நினைத்தால், இருக்கட்டுமே என்று எனக்கும் ஆசைதான்.

முழுப்பெயர் சிலப்பதிகாரத்தில், கடலாடு காதையில் வருகிறது. கோவலனும் மாதவியும் புகார்க் கடற்கரைக்கு வரும்போது எங்கும் விளக்குகள். சாந்தும் பூவும் விற்பவர் விளக்கு, பிட்டு விற்பவர் விளக்கு, அப்பம் சுடுபவர் விளக்கு, மீன் விற்பவர் விளக்கு, வேற்றுமொழி பேசும் வணிகரின் விளக்கு. இந்த அங்காடி வெளிச்சத்தின் நடுவே கலங்கரை விளக்கமும் ஒன்று, தனி மரியாதை ஏதும் இல்லாமல். 'விளக்கம்' என்பதற்கு இன்றைய பொருளை ஏற்றிக் குழம்ப வேண்டாம். இளங்கோவடிகள் பிட்டுக்கடை விளக்கையும் விளக்கம் என்றே சொல்கிறார்.

உரை எழுதிய அடியார்க்கு நல்லார், தாம் எங்கே இருக்கிறோம் என்று தெரியாமல் ஓடும் கலங்களை அழைக்க வைத்த விளக்கு என்கிறார். இன்றைய விளக்கின் வேலையும் கிட்டத்தட்ட அதுதான். ஃபிரெஞ்சுக்காரரான ஃபிரெனெல் 1820களில் அமைத்த லென்ஸ், பட்டகக் கண்ணாடிகளை வட்டம் வட்டமாக அடுக்கியது. நாலாபக்கமும் சிதறிப்போகும் ஒளியைத் திரட்டி ஒரே கற்றையாகக் கடலுக்கு அனுப்பும். லென்ஸ் சுழலச் சுழல, கற்றை கப்பலைக் கடக்கும்போதெல்லாம் ஒரு மின்னல். எத்தனை விநாடிக்கு எத்தனை மின்னல் என்பது விளக்குக்கு விளக்கு வேறு. மாலுமி கடிகாரத்தை வைத்து எண்ணி, வரைபடத்தோடு ஒப்பிட்டு, இது இன்ன ஊர் என்று தெரிந்துகொள்வார். பாறையின் மேல் நிற்கும் விளக்கானால் கிட்டே வராதே என்று பொருள். அதைக் 'கரைதல்' என்பது கொஞ்சம் இடிக்கத்தான் செய்கிறது.

ஈழத்தில் கலங்கரை விளக்கம் என்ற சொல்லைப் பேச்சில் அதிகம் கேட்க முடியாது. அங்கே அது வெளிச்சவீடு. பருத்தித்துறையில் 1916இல் கட்டிய 32 மீட்டர்க் கோபுரம் ஊராருக்கு வெளிச்சவீடுதான். லைட்ஹவுஸை அப்படியே பெயர்த்த சொல். குழந்தைக்கும் புரியும், உரையாசிரியர் தேவையில்லை. சென்னையிலோ பறக்கும் ரயில் நிலையத்தின் பலகையில் கலங்கரை விளக்கம் என்று எழுதியிருக்கிறது. இறங்குகிறவர் 'லைட்ஹவுஸ் வந்துடுச்சா?' என்றுதான் கேட்கிறார்.