வரைபடத்தின் துல்லியத்துக்கு யார் சான்று?
தேசிய நிலவரைவியல் சங்கங்களின் கடமை குறித்து

2021 பிப்ரவரி 15 அன்று இந்திய அரசின் அறிவியல் தொழில்நுட்பத் துறை, வரைபடங்களுக்கும் புவியிடத் தரவுகளுக்குமான புதிய நெறிமுறைகளை வெளியிட்டது. வரைபடம் தயாரிக்கவும் வெளியிடவும் அதுவரை வேண்டியிருந்த முன் அனுமதியும் உரிமமும் பாதுகாப்புத் தணிக்கையும் இந்திய நிறுவனங்களுக்கு இனித் தேவையில்லை என்றாயிற்று. அவற்றின் இடத்தில் சுய சான்று வந்தது. கிடைமட்டத்தில் 1 மீட்டர், உயரத்தில் 3 மீட்டர் என்ற வரம்பைவிட நுட்பமான தரவுகளை இந்திய நிறுவனங்கள் மட்டுமே உருவாக்கலாம், இந்தியாவுக்குள்ளேயே சேமிக்க வேண்டும் என்பது போன்ற கட்டுப்பாடுகள் மட்டும் நிலைத்தன.

வரைபடத்தை யார் தயாரிக்கலாம் என்ற கேள்விக்கு இந்த ஆவணம் விடை சொல்கிறது. தயாரித்த வரைபடம் சரியானதுதானா என்று யார் சோதிப்பது என்ற கேள்வி அதன் நோக்கத்துக்கு வெளியே நின்றுவிட்டது. அந்த இடத்தை நிரப்ப வேண்டியது தொழில்முறைச் சங்கமே என்பதும், ஆண்டு மாநாடும் ஆய்விதழும் விருதுகளும் அதற்குப் போதா என்பதும் இக்கட்டுரையின் வாதம்.

துல்லியம் பற்றிய கேள்வி இந்தியாவில் நெடுங்காலம் பொதுவெளிக்கே வராததற்குக் காரணம் உண்டு. 1767இல் தொடங்கிய இந்திய நில அளவைத் துறையின் வரைபடங்களில், நாட்டெல்லையையும் கடற்கரையையும் ஒட்டி ஏறத்தாழ 80 கிலோமீட்டர் அகலப் பட்டையில் அடங்கியவை பல பத்தாண்டுகள் பொதுமக்களுக்கு மறுக்கப்பட்டிருந்தன. சென்னையும் நாகப்பட்டினமும் தூத்துக்குடியும் அந்தப் பட்டைக்குள் அடக்கம். கைக்கு வராத வரைபடத்தின் பிழையை எவரும் அளந்து காட்ட முடியாது. 2005ஆம் ஆண்டின் தேசிய வரைபடக் கொள்கை, பாதுகாப்புப் படைகளுக்கு ஒன்று, பொதுமக்களுக்கு ஒன்று என இரு வரிசைகளைப் பிரித்து அந்தக் கதவை ஓரளவு திறந்தது. 2016இல் வெளியான புவியிடத் தகவல் ஒழுங்குமுறை மசோதா வரைவோ, உரிமமின்றித் தரவு சேகரிப்போருக்கு 100 கோடி ரூபாய் வரை அபராதமும் ஏழாண்டு வரை சிறையும் விதிக்க முனைந்தது. கடும் எதிர்ப்புக்குப் பின் அது சட்டமாகவில்லை. 2016இன் வரைவும் 2021இன் நெறிமுறையும் எதிரெதிர்த் துருவங்கள் போலத் தோன்றும். ஆனால் இரண்டுமே வரைபடத்தை அனுமதி சார்ந்த விவகாரமாகவே பார்த்தன. தரம் சார்ந்த விவகாரமாக இரண்டும் பார்க்கவில்லை.

இத்துறையில் நமக்குச் சங்கங்கள் இல்லாமல் இல்லை. சென்னையில் 1926இல் உருவான சென்னைப் புவியியல் சங்கம் பின்னாளில் இந்தியப் புவியியல் சங்கமாக வளர்ந்தது. அதன் ஆய்விதழ் தென்னாட்டுப் புவியியலுக்கு அரிய ஆவணம். தொலையுணர்வுக்கான சங்கம் 1969இலும், இந்திய தேசிய நிலவரைவியல் சங்கம் 1979இல் ஐதராபாத்திலும் தோன்றின. வரைபடங்கள் பூட்டிக் கிடந்த ஆண்டுகளில் வரைஞரும் அளவையாளரும் பேராசிரியரும் ஒரே அரங்கில் அமர்ந்து தொழில் பேச இவை இடமளித்தன. அதைக் குறைத்து மதிப்பிடுவது நன்றிகேடு. எனினும், ஒரு சங்கம் வகுத்த துல்லிய நியமத்தை அரசு ஒப்பந்தங்களே நிபந்தனையாக ஏற்கும் நிலை இந்தியாவில் இன்னும் உருவாகவில்லை.

அமெரிக்காவில் அந்த நிலை உருவானது. அதன் வரலாறு நமக்குப் பயன்படும். 1947இல் திருத்தப்பட்ட அந்நாட்டின் தேசிய வரைபடத் துல்லிய நியமம் அரசு வகுத்தது. 1:20,000 அல்லது அதைவிடச் சிறிய அளவுத்திட்ட வரைபடங்களில், சோதிக்கும் புள்ளிகளில் பத்துக்கு ஒன்றுக்கு மேல் ஓர் அங்குலத்தில் ஐம்பதில் ஒரு பங்கைத் தாண்டி விலகக் கூடாது என்பது விதி. 1:24,000 வரைபடத்தில் அது தரையில் 40 அடி. அச்சுத்தாள் காலத்துக்கு இது பொருந்தியது. கணினித் திரையில் எந்த அளவுக்கும் பெரிதாக்கிப் பார்க்கும் தரவுக்குத் தாளின் அங்குலம் பொருளற்றதாகிவிட்டது. மாற்று நியமத்தை வகுத்தது 1934இல் தொடங்கிய ஒளிப்பட அளவியல், தொலையுணர்வுச் சங்கம். பெரிய அளவுத்திட்ட வரைபடங்களுக்கு 1990இலும், எண்மத் தரவுகளுக்கு 2014இலும் நியமங்களை வெளியிட்டு, 2023இல் இரண்டாம் பதிப்பைக் கொண்டுவந்தது. சோதனைப் புள்ளிகளின் குறைந்தபட்ச எண்ணிக்கை 2014இல் 20 என்றிருந்தது 2023இல் 30 ஆயிற்று. தொழில் செய்பவர்களே கூடி, தங்கள் வேலையைத் தாங்களே கடினமாக்கிக்கொண்டார்கள் என்பதுதான் இதில் கவனிக்கத்தக்கது.

கணக்கு முறையும் மாறியது. பத்துப் புள்ளிகளில் ஒன்பது 1 மீட்டர் விலகி, ஒன்று மட்டும் 10 மீட்டர் விலகியிருப்பதாகக் கொள்வோம். பழைய விதியில் அந்தப் பத்தாவது புள்ளி அனுமதிக்கப்பட்ட விலக்கு. அது எவ்வளவு தொலைவு தவறியது என்று விதி கேட்பதில்லை. சாதாரணச் சராசரி எடுத்தால் பிழை 1.9 மீட்டர். புதிய முறை ஒவ்வொரு பிழையையும் வர்க்கப்படுத்திச் சராசரி கண்டு மூலம் எடுக்கிறது. விடை 3.3 மீட்டர். ஒரே ஒரு பெரும்பிழை மொத்த வரைபடத்தின் தரத்தையும் இறக்கிவிடுகிறது. அந்தப் பத்தாவது புள்ளியில் வீடு வைத்திருப்பவரின் தரப்பிலிருந்து பார்த்தால் இதுவே நியாயம்.

நம் நாட்டுக்கு இது ஏட்டுக் கணக்கு அல்ல. 2020 ஏப்ரலில் தொடங்கிய ஸ்வாமித்வா திட்டத்தில் ஊர்க் குடியிருப்புப் பகுதிகளை டிரோன் படமெடுத்து, 1:500 அளவுத்திட்டத்தில் வரைந்து, வீட்டு உரிமையாளருக்குச் சொத்து அட்டை வழங்குகிறார்கள். டிரோன் பறக்கும் முன் ஒவ்வொரு மனையின் எல்லையையும் சுண்ணாம்புப் பொடியால் கோடிட்டுக் காட்டுவது வழக்கம். வானிலிருந்து பார்க்கும் கேமராவுக்கு அந்த வெள்ளைக் கோடுதான் எல்லை. கூரை துருத்திக்கொண்டிருக்கும் வீடுகளில் சுவரடி தெரியாது. சுண்ணாம்புக் கோடே இறவாணத்துக்கு அடியில் மறைந்துவிடும். இறவாணம் இரண்டடி நீண்டிருந்தால் அது ஏறத்தாழ 60 சென்டிமீட்டர், வரைபடத்தில் 1.2 மில்லிமீட்டர். வரைகணினியின் முன் இருப்பவர் கூரை விளிம்பைத் தொடர்ந்து கோடிழுத்தால் சந்தின் அகலம் இருபுறமும் குறைகிறது. சுவரை ஊகித்து உள்ளே இழுத்தால் அந்த ஊகம் பதிவுபெற்ற ஆவணமாகிவிடுகிறது. கூரையிலிருந்து சொட்டும் நீர் யார் மனையில் விழுகிறது என்பதற்காகவே தலைமுறை கடந்து வழக்காடும் ஊர்கள் நமக்குத் தெரியும்.

எந்த விளிம்பை வரைவது, ஊகித்த கோட்டை எந்தக் குறியீட்டால் வேறுபடுத்துவது, எப்போது அளவையாளர் நாடாவோடு நேரில் போக வேண்டும் என்பவற்றை அரசாணை ஒன்று தீர்க்கலாம்தான். ஆனால் அரசே இங்கு வேலையைத் தருகிறது, வேலை முடிந்ததும் பெற்றுக்கொள்கிறது, எத்தனை ஊர்கள் முடிந்தன என்று கணக்கும் காட்டுகிறது. இம்மூன்றையும் செய்பவர் தேர்வாளராகவும் இருப்பது முறையன்று. ஒப்பந்த நிறுவனம் தனக்குத் தானே சான்று தருவது அதைவிடப் பலவீனம். இரண்டு தரப்புக்கும் வெளியே, வேலையின் நுணுக்கம் அறிந்தவர்கள் நிற்கும் ஒரே இடம் சங்கம்.

இதற்கு எழும் வலுவான மறுப்பு, சங்கம் நாளடைவில் சாதிக்கட்டு போல இறுகி, உறுப்பினர் அல்லாதவரைத் தொழிலிலிருந்து விரட்டும் என்பது. இந்த அச்சம் வெறும் கற்பனை அல்ல. அமெரிக்காவில் ஒளிப்பட அளவை நிறுவனங்களின் கூட்டமைப்பு, பொறியாளர் அமைப்புகளுடன் சேர்ந்து 2006இல் வழக்குத் தொடுத்தது. நடுவணரசின் வரைபடப் பணிகளை உரிமம் பெற்ற அளவையாளர், பொறியாளர் நிறுவனங்களுக்கே வழங்கும் கொள்முதல் முறையை விரிவாகப் பயன்படுத்த வேண்டும் என்பது அதன் சாரம். புவியியலாளர் சங்கமும் ஜி.ஐ.எஸ். தொழில்முறை அமைப்புகளும் நீதிமன்றத்தில் அதை எதிர்த்து வாதுரை அளித்தன. 2007 ஜூனில் வழக்கு தோற்றது. ஒரே துறையின் சங்கங்கள் எதிரெதிராக நின்ற இந்த நிகழ்விலிருந்து நான் எடுத்துக்கொள்வது ஒன்றுதான்: சங்கம் வரைபடத்தைச் சோதிக்கட்டும், வரைபவரின் தகுதிச்சீட்டைக் காட்டி வாயிலை அடைக்க வேண்டாம். 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னையின் நீர் தேங்கிய தெருக்களை ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் தளத்தில் குறித்துக் காட்டியவர்கள் தன்னார்வலர்கள். அவர்களைத் தடுக்கும் நியமம் எதுவானாலும் அது தவறான நியமம். அந்தக் குறிப்புகள் எந்த அளவுக்கு நம்பத்தக்கவை என்று மதிப்பிட எளிய முறையொன்றை வகுத்துத் தரும் சங்கமோ அவர்களுக்கும் மக்களுக்கும் ஒருசேரத் துணையாகும்.

சங்கம் பொதுவெளியில் பேசவும் வேண்டும். 1989இல் வட அமெரிக்காவின் ஏழு புவியியல், நிலவரைவியல் அமைப்புகள் கூடி, செவ்வக வடிவ உலகப்படங்களைப் பொதுப் பயன்பாட்டுக்குக் கைவிடுமாறு பதிப்பகங்களையும் ஊடகங்களையும் அரசு நிறுவனங்களையும் கேட்டுக்கொண்டன. யாரையும் கட்டாயப்படுத்தும் அதிகாரம் அவற்றுக்கு இல்லை. ஆயினும் ஒரு தொழில் தன் பெயரில் வாய்திறந்தது. நம் சங்கங்களை முன்னின்று நடத்துவோரில் பலர் அரசு அளவை, தொலையுணர்வு நிறுவனங்களில் பணியாற்றுபவர்கள், பணியாற்றியவர்கள். அவர்கள் தம் நிறுவனத்தின் தயாரிப்பைக் குறித்துத் தனி மனிதராகப் பேசுவது கடினம். பெயர்கள் மறைந்த நிபுணர் குழுவின் அறிக்கையாகச் சங்கம் வெளியிடுமானால் அந்தச் சுமை ஒருவர் தோளில் விழாது. சரியில்லாத வரைபடத்தில் கையெழுத்திட மறுக்கும் இளநிலைப் பணியாளருக்குச் சட்ட உதவி அளிப்பதும் சங்கத்தின் நிதிநிலைத் திட்டத்தில் ஓர் இனமாக இருக்க வேண்டும்.

இதற்கு அவகாசம் குறைவு. 2022 டிசம்பரில் அறிவிக்கப்பட்ட தேசியப் புவியிடக் கொள்கை, 2030க்குள் சமவெளிகளுக்கு 25 சென்டிமீட்டர் நுட்பமுள்ள உயர மாதிரியை இலக்காக வைத்துள்ளது. காவிரிப் படுகையின் கடைமடைப் பகுதிகளில் தரை ஏறத்தாழச் சமதளம். அங்கே 25 சென்டிமீட்டர் என்பது ஒரு தெருவுக்குள் வெள்ளம் வருமா, வராதா என்பதைத் தீர்மானிக்கும் அளவு. வான்படங்களிலிருந்து கணிக்கும் உயரமோ, வயலில் பயிர் நின்றால் பயிரின் தலையைத்தான் தரையாகக் காட்டும். வளர்ந்த சம்பாப் பயிர் இந்த 25 சென்டிமீட்டரைப் போல மூன்று நான்கு மடங்கு உயரம் நிற்கும். சோதனைப் புள்ளிகளை எல்லாம் சாலைச் சந்திப்புகளிலும் பாலங்களின் மேலும் வைத்தால் இந்தப் பிழை கணக்கிலேயே வராது, வரைபடம் தேர்ச்சி பெற்றுவிடும். ஆகவே இந்தியச் சங்கம் எழுத வேண்டிய நியமத்தில் அயல்நாட்டு நியமத்தைப் பெயர்த்தெழுதிப் பெற முடியாத இரண்டு விதிகள் இருந்தாக வேண்டும்: சோதனைப் புள்ளிகளில் ஒரு பகுதி வயலுக்குள் இருக்க வேண்டும், படமெடுத்த மாதமும் அப்போது வயலில் நின்ற பயிரும் துல்லிய அறிக்கையின் முதல் பக்கத்தில் இடம்பெற வேண்டும்.